டென்னிஸ் வீரருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?

பக்கத்து வீட்டு அண்ணனின் மகளுக்குப் பதினோரு வயது. தினமும் காலை ஐந்தரை மணிக்கு ரேக்கெட் பையை மாட்டிக்கொண்டு கோச்சிங் கிளம்பிவிடுவாள். போன மாதம் அண்ணன் என்னை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்: "நல்லா ஆடுறான்னு கோச் சொல்றாரு தம்பி. சரி, நாளைக்கு இதுவே இவளுக்குத் தொழில்னு ஆயிட்டா, மாசச் சம்பளம் யார் தருவாங்க?"

யாரும் தரமாட்டார்கள் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது, எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது, அதனால் அன்று இரவு உட்கார்ந்து அவருக்கு எழுதியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். டென்னிஸைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்க்கிறவர்களுக்கு, எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாத பெற்றோருக்கு உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கிரிக்கெட் வீரருக்கு வாரியத்தின் ஒப்பந்தம் இருக்கிறது, ஐபிஎல் அணி இருக்கிறது. கால்பந்து வீரருக்கு கிளப் சம்பளம் தருகிறது, கால் உடைந்தால் சிகிச்சையும் கிளப்பே பார்த்துக்கொள்ளும். டென்னிஸ் வீரருக்கு இதெல்லாம் இல்லை. அவர் வாரச்சந்தை வியாபாரி மாதிரி. இந்த வாரம் ஒரு ஊர், அடுத்த வாரம் வேறு ஊர், வண்டி வாடகை தன் காசு, சாப்பாடு தன் காசு, சரக்கு விற்றால் வருமானம், விற்காவிட்டால் வண்டி வாடகையும் நஷ்டம். கூட வரும் கோச்சுக்கும் அவர்தான் கூலி கொடுக்க வேண்டும், அதாவது டென்னிஸில் கோச் வீரருக்கு மேலதிகாரி இல்லை, வீரர்தான் கோச்சுக்கு முதலாளி. பலருக்கு இது புதிதாக இருக்கும்.

இந்தச் சந்தையில் யார் வேண்டுமானாலும் கடை விரிக்க முடியாது. எந்தச் சந்தைக்குள் நுழையலாம் என்பதைத் தரவரிசைதான் முடிவு செய்கிறது.

தரவரிசை எப்படி வருகிறது? ஆண்கள் டென்னிஸில் கணினித் தரவரிசை 1973 ஆகஸ்டில் தொடங்கியது, முதல் முதலிடம் ருமேனியாவின் இலி நஸ்டாஸேவுக்கு. அன்றிலிருந்து விதிகள் பலமுறை மாறியிருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: கடந்த 52 வாரங்களில் எந்தப் போட்டியில் எந்தச் சுற்று வரை போனாய் என்பதற்குப் புள்ளி. கிராண்ட் ஸ்லாம் என்று சொல்லப்படும் நான்கு பெரிய போட்டிகளில் (ஆஸ்திரேலிய ஓப்பன், பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன், யுஎஸ் ஓப்பன்) ஒன்றை வென்றால் 2000 புள்ளி. அதற்குக் கீழே மாஸ்டர்ஸ் 1000, ஏடிபி 500, ஏடிபி 250 என்று போட்டிகள் (ஏடிபி என்பது ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் அமைப்பு), பெயரில் இருக்கும் எண்தான் பட்டம் வெல்பவருக்குக் கிடைக்கும் புள்ளி. அதற்கும் கீழே சாலஞ்சர் போட்டிகள், 175இல் தொடங்கி 50 வரை. எல்லாவற்றுக்கும் அடியில் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் நடத்தும் எம்25, எம்15. எம்15 போட்டியில் பட்டமே வென்றாலும் கிடைப்பது 15 புள்ளி. ஒரு மேட்ச் ஜெயித்து இரண்டாவது சுற்றில் தோற்றால் ஒரே ஒரு புள்ளி. முதல் சுற்றிலேயே தோற்றால் பூஜ்யம்.

இதில் புதியவர்கள் தவறவிடும் இடம் அந்த 52 வாரம். புள்ளிகள் சேமிப்புக் கணக்கில் போடும் பணம் இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஆயுள் ஒரு வருடம்தான். 2024 பிப்ரவரியில் 100 புள்ளி வாங்கினால், 2025 பிப்ரவரியில் அந்த வாரம் வரும்போது தினசரிக் காலண்டரில் தாள் கிழிவதுபோல அந்த 100 போய்விடும். அதே வாரம் அதே அளவுக்கு ஆடினால் இருந்த இடத்தில் இருக்கலாம், நன்றாக ஆடினால் ஏறலாம், காய்ச்சலில் படுத்திருந்தால் இறங்கலாம். விளையாட்டுச் செய்திகளில் 'புள்ளிகளைத் தக்கவைக்க வேண்டிய கட்டாயம்' என்று எழுதுவது இதைத்தான். ஆகவே ஒரு டென்னிஸ் வீரர் எப்போதும் இரண்டு எதிராளிகளோடு ஆடுகிறார்: வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் ஒருவர், போன வருடம் இதே வாரம் ஆடிய தான் இன்னொருவர்.

சரி, பணத்துக்கு வருவோம், அண்ணன் கேட்டது அதைத்தானே. எம்15 என்றால் அந்தப் போட்டியின் மொத்தப் பரிசுத்தொகையே 15,000 டாலர், ஒற்றையர் இரட்டையர் எல்லாரும் சேர்ந்து பிரித்துக்கொள்ள வேண்டியது. ஒற்றையரில் முதல் சுற்றில் தோற்பவருக்கு 156 டாலர், நம் பணத்தில் பதின்மூன்று பதினான்காயிரம் ரூபாய். பட்டம் வெல்பவருக்கு 2,160 டாலர். ஒரு வாரம் முழுக்க ஐந்து மேட்ச் தொடர்ந்து ஜெயித்தால் வருவது இவ்வளவுதான், அதிலும் போட்டி நடக்கும் நாடு தன் வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். துனிசியாவிலோ துருக்கியிலோ எம்15 ஆடப் போகும் ஓர் இந்தியப் பையன் விமான டிக்கெட்டும் ஹோட்டல் வாடகையும் போக என்ன மிச்சம் பிடிப்பான் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அதனால்தான் இந்தப் பையன்கள் ஒரே இடத்தில் மூன்று நான்கு வாரம் தொடர்ந்து போட்டி நடக்கும் ஊராகப் பார்த்துப் போய்த் தங்கிவிடுகிறார்கள், இரண்டு பேர் ஒரு அறை, துணி துவைப்பது குளியலறையில்.

இங்கே சுமித் நாகலின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலின் மேடு பள்ளம் எல்லாம் இவ்வளவு குறுகிய காலத்தில், நம் கண் முன்னால் நடந்தது வேறு யாருக்கும் இல்லை. ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டத்துக்காரர். 2015இல் விம்பிள்டன் சிறுவர் இரட்டையர் பட்டம் வென்றார், 2019 யுஎஸ் ஓப்பன் முதல் சுற்றில் ரோஜர் ஃபெடரரிடம் முதல் செட்டைப் பறித்தார். ஊரே கொண்டாடியது. அப்புறம் இடுப்பில் அறுவை சிகிச்சை, தரவரிசை 500க்கும் பின்னால் போய்விட்டது. 2023இல் திரும்ப ஏறி வந்து சாலஞ்சர் பட்டங்கள் வென்று கொண்டிருந்த நேரத்தில், அந்த செப்டம்பரில், ஒரு பேட்டியில் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று சொன்னார். அப்போது இந்தியாவின் முதல் நிலை ஒற்றையர் வீரர் அவர்! ஒரு கோச்சை மட்டும் கூட்டிக்கொண்டு, ஃபிசியோகூட இல்லாமல், வருடத்துக்கு 80 லட்சம் முதல் ஒரு கோடி வரை செலவாகிறது என்றும் சொன்னார். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கும் ஒருவர், அடுத்த மாதம் எப்படி ஓட்டுவது என்று யோசித்துக்கொண்டு சர்வீஸ் போடுகிறார் என்பதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

நான்கு மாதம் கழித்து 2024 ஆஸ்திரேலிய ஓப்பன். அவர் 130க்கும் பின்னால் இருந்ததால் நேரடி இடம் இல்லை, தகுதிச்சுற்றில் மூன்று மேட்ச் ஜெயித்து உள்ளே போனார். முதல் சுற்றில், போட்டியின் தரப்பட்டியலில் (சீடிங்) 31ஆம் இடம் கொடுக்கப்பட்டிருந்த அலெக்சாண்டர் பப்லிக்கை நேர் செட்களில் வீழ்த்தினார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் தரமிடப்பட்ட ஒருவரை இந்தியர் ஒருவர் தோற்கடித்தது 35 வருடம் கழித்து. அதற்கு முன்னால் செய்தவர் நம் சென்னைக்காரர் ரமேஷ் கிருஷ்ணன், 1989இல் அதே மெல்போர்னில் அப்போது உலகின் முதல்நிலை வீரராக இருந்த மாட்ஸ் விலாண்டரை. நாகல் இரண்டாம் சுற்றில் தோற்றார், ஆனால் அங்கே வரை போனதற்கே 1,80,000 ஆஸ்திரேலிய டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய ஒரு கோடி.

அடுத்த மாதமே சென்னைக்கு வந்தார். நுங்கம்பாக்கம் அரங்கில் சாலஞ்சர் 100 போட்டி. ஒரு செட்கூட இழக்காமல் பட்டம் வென்றார், இறுதியில் லூகா நார்டியை 6-1, 6-4. அந்த 100 புள்ளிதான் அவரை 98ஆம் இடத்துக்கு, வாழ்க்கையில் முதல் முறையாக முதல் நூற்றுக்குள் கொண்டுபோனது. சென்னையில் ஐந்து மேட்ச் ஜெயித்துப் பட்டம் வாங்கியதற்குக் கிடைத்த காசோலை சுமார் 18,000 அமெரிக்க டாலர். மெல்போர்னில் ஒரு சுற்று தாண்டியதற்குக் கிடைத்தது இதைப் போல ஆறு மடங்குக்கும் மேல். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டென்னிஸ் தொழிலின் முழுக் கணக்கும் புரிந்துவிடும்.

ஏன் எல்லாரும் 'முதல் நூறு', 'முதல் நூறு' என்று சொல்கிறார்கள் என்பதும் இதில்தான் இருக்கிறது. கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் மொத்தம் 128 பேர் ஆடலாம். அதில் 104 பேருக்குத் தரவரிசைப்படி நேரடி இடம், 16 பேர் தகுதிச்சுற்று வழியாக வருகிறார்கள், மிச்சம் 8 இடம் வைல்டு கார்டு, அதாவது போட்டி நடத்துபவர்கள் தங்கள் விருப்பப்படி கொடுப்பது. ஆக நூறுக்குள் இருந்தால் வருடத்துக்கு நான்கு முறை, முதல் சுற்றில் தோற்றாலும், ஒரு பெரிய தொகை உறுதி. 2024இல் நாகல் பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன், யுஎஸ் ஓப்பன் மூன்றிலும் முதல் சுற்றிலேயே தோற்றார். அந்த மூன்று தோல்விகளுக்கும் சேர்த்து 73,000 யூரோ, 60,000 பவுண்டு, 1,00,000 அமெரிக்க டாலர், வரிக்கு முன்னால் நம் பணத்தில் இரண்டு கோடிக்கு மேல். 95ஆம் இடத்தில் இருப்பவருக்கும் 135ஆம் இடத்தில் இருப்பவருக்கும் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, எந்த நாளிலும் ஒருவரை ஒருவர் ஜெயிக்கலாம். ஆனால் ஒருவர் ஃபிசியோ வைத்துக்கொள்கிறார், இன்னொருவர் தோள்பட்டைக்குத் தானே ஐஸ் வைத்துக்கொள்கிறார். ஃபிசியோ இருப்பவர் காயமில்லாமல் ஆடுகிறார், ஆடுவதால் மேலே நிற்கிறார். கீழே இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று நான் ஒளிக்காமல் சொல்வேன்.

இதை ஏடிபியும் உணர்ந்துதான் 2024இல் இருந்து குறைந்தபட்ச வருமானத் திட்டம் ஒன்றைச் சோதனையாகக் கொண்டுவந்தது. முதல் நூறில் இருப்பவருக்கு வருடத்துக்கு 3,00,000 டாலர், 101 முதல் 175 வரை 1,50,000, 176 முதல் 250 வரை 75,000 என்று ஆரம்பித்தார்கள். பரிசுப்பணம் அதற்குக் குறைவாக வந்தால் மீதியை ஏடிபி போடும். நல்ல விஷயம், வெகு தாமதமாக வந்த நல்ல விஷயம். ஆனால் 251ஆம் ஆளுக்கு இதில் ஒன்றும் இல்லை, எம்15 ஆடுகிற பையன்கள் எல்லாரும் அவருக்கும் பின்னால்தான் இருக்கிறார்கள்.

அப்புறம் அந்தக் காலண்டர் தாள். 2025 ஆஸ்திரேலிய ஓப்பனில் நாகல் முதல் சுற்றில் தோற்றார், போன வருடத்துப் புள்ளிகள் கழிந்தன, நூறில் இருந்து வெளியே வந்தார். அந்த வருடம் முடிவதற்குள் 200க்கும் பின்னால் போய்விட்டார். 2024 ஜூலையில் 68ஆம் இடத்தைத் தொட்டவர்!

எந்த வாரம் எந்த ஊரில் ஆடுவது என்று முடிவு செய்வதும் வீரரின் வேலைதான், அதுவும் சில வாரங்களுக்கு முன்பே பெயர் கொடுத்துவிட வேண்டும். இந்த முடிவு எவ்வளவு சூதாட்டம் என்பதற்கு 2018 பிரெஞ்சு ஓப்பன் ஓர் உதாரணம். சென்னைக்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் தகுதிச்சுற்றில் தோற்றார். தோற்றவர்களில் சிலருக்கு, உள்ளே இருக்கும் யாராவது காயத்தால் விலகினால், அந்த இடம் கிடைக்கும். அவர்களுக்கு லக்கி லூசர் என்று பெயர். ஆனால் எத்தனை பேர் விலகுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? பிரஜ்னேஷ் இத்தாலியில் விசென்சா சாலஞ்சரில் ஆடப் போய்விட்டார், சரியான முடிவுதான், சும்மா பாரிஸில் உட்கார்ந்திருந்தால் அந்த வாரம் வீண். அந்த வருடம் பார்த்து ஒருவர் பின் ஒருவராக விலகிக்கொண்டே இருந்தார்கள், அடுத்த வாய்ப்பு பிரஜ்னேஷுக்கு என்று வந்தபோது அவர் வேறு போட்டிக்கு ஒப்புக்கொண்டுவிட்டதால் ஆட முடியாது. அந்த இடம் அர்ஜென்டினாவின் மார்கோ டிருங்கெலிட்டிக்குப் போனது. அவரும் தோற்று பார்சிலோனா வீட்டுக்குத் திரும்பியிருந்தார், செய்தி வந்ததும் பாட்டி, அம்மா, தம்பி எல்லாரையும் காரில் ஏற்றிக்கொண்டு சுமார் 1000 கிலோமீட்டர் ஓட்டி நள்ளிரவு வாக்கில் பாரிஸ் வந்து சேர்ந்தார். மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கோர்ட்டில் இறங்கி பெர்னார்ட் டோமிக்கை நான்கு செட்டில் ஜெயித்தார். இரண்டாம் சுற்றுக்கான 79,000 யூரோ அவருக்கு. உலகமே அந்தப் பாட்டியின் கதையைப் படித்து மகிழ்ந்தது, நானும்தான். ஆனால் விசென்சாவில் இருந்த நம்மாளை நினைக்கும்போது வயிறு பிசையத்தான் செய்தது.

பிரஜ்னேஷ் அதற்குமுன் முழங்கால் காயங்களால் ஏறக்குறைய ஐந்து வருட ஆட்டத்தை இழந்தவர். மற்ற தொழிலில் ஐந்து வருடம் போனால் திரும்பச் சேரலாம், டென்னிஸில் ஐந்து வருடம் என்பது பாதி ஆயுள். நீண்ட காலம் காயத்தில் இருப்பவர்களுக்குப் 'பாதுகாக்கப்பட்ட தரவரிசை' என்ற ஏற்பாடு உண்டு, பழைய இடத்தை வைத்துச் சில போட்டிகளில் நுழையலாம், ஆனால் ஏற்கெனவே மேலே இருந்தவருக்குத்தான் அதனால் லாபம். பிரஜ்னேஷ் அடியில் இருந்து தொடங்கி, இருபத்தெட்டு வயதுக்குமேல் ஏறி, 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்று, 2019 ஏப்ரலில் 75ஆம் இடத்தைத் தொட்டார். அந்த வருடம் நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் ஆடினார். 2024 நவம்பரில் ஓய்வு பெற்றார். மற்ற யார் பட்டத்தைவிடவும் அந்த 75 எனக்குப் பெரிது.

சென்னையில் சாலஞ்சர் நடக்கும்போது முடிந்தால் ஒருமுறை முதல் நாள் தகுதிச்சுற்றுக்குப் போய்ப் பாருங்கள், கூட்டமே இருக்காது. நான் போன ஒரு நாளில், தோற்ற ஒரு வெளிநாட்டுப் பையன் பக்கத்துக் கோர்ட் ஓரம் பெஞ்சில் உட்கார்ந்து, வியர்வையில் ஊறிப்போன கிரிப்பைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துக்கொண்டிருந்தான். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கி யாரிடமோ பேசினான், வலது கை நிற்காமல் புது கிரிப்பைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றும் அரை விரல் அகலம் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி, கடைசியில் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து ஒட்டினான். தோற்று அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அடுத்த ஊருக்கான ரேக்கெட் தயாராகிவிட்டது.

ஒற்றையர் மட்டும்தான் வழி என்றும் இல்லை. ரோஹன் போபண்ணா 43 வயதில், 2024 ஜனவரியில், இரட்டையரில் உலகின் முதலிடத்துக்கு வந்து ஆஸ்திரேலிய ஓப்பனையும் மேத்யூ எப்டனோடு வென்றார். சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் அதே வருடம் செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோவில் ஏடிபி 250 இரட்டையர் பட்டம் வாங்கினார்கள். இரட்டையரில் பரிசுப்பணம் குறைவு, அதையும் இருவர் பங்கிட வேண்டும், ஆனால் உடம்பு கூடுதல் வருடம் தாங்கும். பெண்கள் பக்கம் டபிள்யூடிஏ என்ற தனி அமைப்பு, ஏணியின் வடிவம் அங்கேயும் இதேதான், எண்கள்தான் வேறு.

இன்னொரு வழியும் உண்டு, அதை நான் அண்ணனிடம் அழுத்திச் சொன்னேன்: அமெரிக்கக் கல்லூரி. நன்றாக ஆடும் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகங்கள் உதவித்தொகை தருகின்றன, நான்கு வருடம் கோச், மைதானம், ஃபிசியோ, பட்டப்படிப்பு எல்லாம் அங்கேயே. சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்து 2007, 2008 இரண்டு வருடமும் கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை வென்றார், அதற்குப் பிறகுதான் முழுநேரத் தொழிலுக்கு வந்தார். 2009 ஜனவரியில் சென்னை ஓப்பனில் வைல்டு கார்டில் நுழைந்து இறுதிவரை போனார், 2011இல் 62ஆம் இடம். பதினேழு வயதில் படிப்பை விட்டுவிட்டு எம்15 ஆடப் போவதைவிட இது பல மடங்கு பத்திரமான பாதை என்பது என் கருத்து, பெற்றோரின் வீட்டை அடமானம் வைக்க வேண்டியதில்லை.

அண்ணன் இதையெல்லாம் படித்துவிட்டு மறுநாள் வந்தார். "அப்போ இவளுக்கு இப்ப என்ன செய்யணும்?" என்றார். இப்போது பெரிதாக ஒன்றும் இல்லை அண்ணா, அகில இந்திய டென்னிஸ் சங்கத்தில் பதிவு செய்யுங்கள், 12 வயதுக்குட்பட்டோர் போட்டிகள் நம் மாநிலத்திலேயே நடக்கின்றன, ரயிலில் போய் வருகிற தூரத்தில் இருப்பதாகப் பார்த்து முதல் வருடம் நான்கைந்து ஆடட்டும் என்றேன். செலவுக்கு ஒரு தனி நோட்டுப் போட்டு, டிக்கெட், பந்து, ஸ்ட்ரிங், சாப்பாடு எல்லாவற்றையும் முதல் நாளில் இருந்தே எழுதி வையுங்கள் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, மகளைக் கூப்பிட்டு, கணக்கு நோட்டு ஒன்று எடுத்து வரச் சொன்னார்.